விவாத இழை: தாலாட்டுப் பதிவு + நிழற்பாவை அசைவூட்டம். 14 பிள்ளைகள், 3 போன், 10 நாள்

படிப்பகம் | இடுகை 1

ஊர்ப்புற நூலகம் ஒன்றில் மே மாதம் 10 நாள் முகாம். தினம் 3 மணி நேரம். 11 முதல் 14 வயது வரை 14 பேர். பிள்ளைகள் தங்கள் தெருப் பெரியவர்களிடம் தாலாட்டு, நடவுப்பாட்டு, விடுகதை பதிவு செய்யணும். பிறகு மூன்று குழுவாகப் பிரிந்து, குழுவுக்கொரு பாட்டை எடுத்து 45 வினாடி நிழற்பாவைப் படம் ஆக்கணும் (பாவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, வரிசையாக ஓட்டுவது). ஒலிப்பதிவுகள் விக்கிமீடியா காமன்ஸில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படம், ஒலி, காணொளிகளின் இணையக் களஞ்சியம்) ஏறினால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்பது எண்ணம்.

கையில் இருப்பவை: ஆண்ட்ராய்டு போன் 3 (ஒன்று ரொம்பப் பழசு), 4 ஜிபி ராம் லேப்டாப் 1, ரூ.6000. மே மாதம் என்பதால் மின்வெட்டு உண்டு. எதை வாங்கலாம், எது சொதப்பும்?

ஒலிப்பெட்டி | இடுகை 2

படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க, முதல்ல ஒலி. படம் லேசா ஆடினாலும் சின்னப் பிள்ளைங்க செஞ்சதுன்னு சனம் ரசிக்கும். பாட்டு காதுல விழலைன்னா பத்தாவது வினாடியில எழுந்து போயிடும்.

போனோட கூடவே வர்ற ரெக்கார்டர் பெரும்பாலும் பேச்சுக்குன்னு அமைச்சது. இரைச்சலைக் குறைக்கிறேன்னு மெல்லிய ஒலியெல்லாம் நறுக்கிடும். தாலாட்டுல 'ஆராரோ' கடைசியில இழையா நீண்டு கரையுற இடம் இருக்கே, அதுதான் முதல்ல காணாமப் போகும். வேவ் கோப்பா (சுருக்காத ஒலி) பதியுற, கெயினை (மைக் ஒலியை எவ்வளவு ஏத்தணும்ங்கிற அளவு) கையால மாத்த விடுற, தானியங்கி கெயினை அணைக்க விடுற செயலி ஒண்ணு போடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ போதும். நிமிஷத்துக்கு 5.76 எம்பி, மணிக்கு 346 எம்பி பக்கம். பழைய போனுக்கே இந்த வேலையைக் கொடுக்கலாம். நல்ல கேமரா உள்ள ரெண்டும் படத்துக்கு.

காலர் மைக் வாங்கினா பின்னைப் பார்த்து வாங்குங்க. போனுக்கு மூணு கறுப்பு வளையம் உள்ள பின் வேணும். ரெண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது. அதைச் செருகினா போன் ஒண்ணும் சொல்லாது, சத்தமில்லாம தன் சொந்த மைக்லயே பதிஞ்சுக்கிட்டு இருக்கும். முகாம் முடிஞ்சு கேட்கும்போதுதான் தெரியும். அதனால ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி காலர் மைக்கை விரலால ரெண்டு தட்டு தட்டி, திரையில அளவுமானி குதிக்குதான்னு ஒரு பிள்ளை பார்க்கணும்.

அளவு: சத்தமா பாடுற இடத்துல மானி மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிக்கணும். குலவை, ஒப்பாரி மாதிரி திடீர்னு ஏறுறதுக்கு அந்த இடைவெளி தேவை. உச்சியில வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சரியா மீட்க முடியாது.

மின்விசிறியை அணைங்க. பாட்டிக்கு வேர்க்கும்தான், பாட்டுக்கு நடுவுல போட்டுக்கலாம். எவர்சில்வர் தட்டு மேல போனை வைக்காம, நாலா மடிச்ச துண்டு மேல வைங்க. பாட்டு முடிஞ்சதும் யாரும் அசையாம 30 வினாடி அந்த இடத்தோட சும்மா ஒலியைப் பதிஞ்சு வைங்க. ஆடாசிட்டில (ஒலி திருத்துற இலவசச் செயலி) இரைச்சல் நீக்கத்துக்கு மாதிரித் துண்டு எடுக்கவும், வெட்டின இடத்தை ஒட்டவும் அதுதான் கை கொடுக்கும். நீக்கம் 6 முதல் 9 டெசிபெல்லோட நிறுத்துங்க. அதுக்கு மேல போனா குரல் தண்ணிக்குள்ளருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

நெல்லைத்தமிழ் | இடுகை 3

ஒப்பாரியைப் பற்றி ஒரு சொல். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பல ஊர்களில் இன்னும் நினைக்கிறார்கள். பிள்ளைகள் போய் "ஆத்தா, ஒப்பாரி பாடுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தால் விரட்டித்தான் விடுவார்கள். கேட்கவே வேண்டாம். அவராகப் பாட முன்வந்தால் வீட்டுக்கு வெளியே, மரத்தடி மாதிரி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒப்பாரியில் செத்தவர் பெயரும் சொந்தக்காரச் சண்டையும் வரும். அதைப் பொதுவில் ஏற்றுவது வேறு வம்பு.

எழுத்தாக்கம்: பாடியது பாடியபடி. "மாமன் அடிச்சாகளோ" என்று பாடினால் "அடித்தார்களோ" என்று பிள்ளை திருத்தக் கூடாது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் கை தானாகத் திருத்தும். போனில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியும் 'அடிச்சாக' போன்றவற்றின் 'ஆக'வை எல்லாம் பொதுத்தமிழாக மாற்றிப்போடும், அதை நம்ப வேண்டாம். முதலில் நோட்டில் பென்சிலால் எழுதட்டும், பிறகு தட்டச்சு. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் (ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறுவது) ல, ள, ழ தடுமாறும். தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் 'தமிழ் 99' விசைப்பலகையைக் கற்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தத் தடுமாற்றம் பாதி குறையும். பாட்டின் நீளத்தைப் போல் பத்து மடங்கு நேரம் எழுத்தாக்கத்துக்கு வையுங்கள்.

பாவைத்திரை | இடுகை 4

படத்துக்கு வருவோம். திரையை நட்டு நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாவையைப் பிடித்து ஒவ்வொரு படமாக எடுப்பது வேலைக்காகாது, கை நடுங்கும். திரையைப் படுக்கவைத்த மேசைதான் சரி. இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், மேலே 2 அடிக்கு ஒன்றரை அடி, 5 மிமீ அக்ரிலிக் தகடு, தகட்டின் அடியில் ஒட்டிய டிரேசிங் தாள். 3 மிமீ வாங்காதீர்கள், நடுவில் தொய்யும். கண்ணாடியும் ஆகும், விளிம்பைக் கடையிலேயே தேய்த்து வாங்கிக்கொண்டால். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, பாவையின் கை தானாக எழும்பி ஒட்டும். ஈரத்துணியால் துடையுங்கள்.

விளக்கை நேராகத் தகட்டின் கீழ் வைத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். 9 வாட் எல்இடி பல்பு இரண்டைப் பக்கவாட்டில் வைத்து, தரையில் விரித்த வெள்ளைச் சார்ட்டை நோக்கித் திருப்புங்கள். அங்கே பட்டு மேலே வரும் வெளிச்சம் சமமாக இருக்கும். ஜன்னலைச் செய்தித்தாள் ஒட்டி மூடணும். மேகம் போனால் படத்தில் தெரியும்.

கேமரா: இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு (நூலகத்தில் பஞ்சமா?), குறுக்கே பலகை, பலகையில் கேமரா அளவுக்கு ஓட்டை. சுமார் 40 செமீ உயரத்தில் பெரும்பாலான போனுக்கு 50 செமீ அகலம் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் பாவை 15 முதல் 18 செமீ உயரம் இருந்தால் நடமாட இடம் இருக்கும். போனைத் தொட்டு எடுத்தால் ஆடும். வயர் இயர்போனின் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கேமரா செயலிகள் படம் எடுக்கும், அதுதான் மலிவான ரிமோட். விமானப் பயன்முறை கட்டாயம். 300ஆவது படத்தில் அழைப்பு வந்தால் அதிர்விலேயே போன் நகர்ந்துவிடும்.

ஓப்பன் கேமரா என்ற கட்டற்ற செயலியில் ஒளியளவு, வெண்சமன் (நிறச் சமநிலை), குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் கறுப்புப் பாவை உள்ளே வரும்போதெல்லாம் திரை வெளுக்கும், வெளியே போனதும் மங்கும். ஓட்டிப் பார்த்தால் படபடவென்று அடிக்கும். அதே செயலியில் முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதியும் உண்டு, எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்க்க அது போதும். அளவு 1920க்கு 1080 வையுங்கள். முழு அளவில் 540 படம் (45 வினாடிக்கு, வினாடிக்கு 12 வீதம்) எடுத்தால் அந்த லேப்டாப் மூச்சுவாங்கும்.

மின்னோட்டி | இடுகை 5

மேலே சொன்னதோடு ஷட்டரையும் (ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், வினாடியில்) கவனிக்கணும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100ல் நின்றால் துடிப்பு முழுசாக அடங்கும். 1/60, 1/125 வைத்தால் ஒரு படம் வெளுப்பு, ஒரு படம் மங்கல், சில போனில் குறுக்கே பட்டை.

மின்வெட்டுக்குச் சார்ஜ் ஏறும் பல்பு வாங்கலாம் என்று தோன்றும். அது பேட்டரி இறங்க இறங்க மெல்ல மங்கும். கண்ணுக்குத் தெரியாது, பூட்டிய கேமராவுக்குத் தெரியும். மின்சாரம் போனால் அந்தக் காட்சியை நிறுத்தி, பாவை வெட்டும் வேலைக்குப் போய்விடுங்கள். காட்சியின் நடுவில் விளக்கு மாற்றக் கூடாது. 230 வோல்ட் ஒயரைத் தாளுக்கு நடுவில் போடுவதால் ஹோல்டர் மூடியதாக இருக்கட்டும், ஒயர் பிள்ளைகள் நடக்காத பக்கம் போகட்டும்.

பாவைத்திரை | இடுகை 6

மின்னோட்டி சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன்.

பாவைக்கு வருகிறேன். தோற்பாவை முழுக்கறுப்பு இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி, சாயமிட்டு, நகைக்கும் உடைக்கும் சிறுசிறு துளையிட்டிருப்பார்கள். கறுப்பு அட்டை வெட்டுவதோடு நின்றால் அந்த வண்ணம் வராது. தோலுக்குப் பதில் தேங்காயெண்ணெய்த் தாள். சாதாரண 75 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் தண்ணீர் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, காய்ந்ததும் பின்பக்கம் பஞ்சால் எண்ணெய் தேய்க்கணும். பஞ்சில் எண்ணெய் சொட்டக் கூடாது, பிழிந்த ஈரம் போதும். தாள் நனைந்த இடம் சாம்பல் நிறமாக மாறி, வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் பளிச்சென்று திறக்கும். செய்தித்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு வெட்டலாம். கிரேயான், எண்ணெய்ப் பாஸ்டல் இரண்டும் எண்ணெயில் இழுபடும், வேண்டாம். எண்ணெய் மிஞ்சினால் தகட்டில் ஒட்டி முகம் போனபின்னும் முகத்தின் தடம் நிற்கும்.

உடம்பு இந்தத் தாள், ஓரக்கோடு மட்டும் கறுப்பு அட்டை. பழைய சட்டைப் பெட்டி அட்டை நல்ல கனம். முகம் பக்கவாட்டில், கண் ஒரு துளை. ரொம்பச் சின்னத் துளை கேமராவில் தெளிவாகத் தெரியாது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் மூட்டுக்குப் பித்தளைப் பின் போடாதீர்கள். அதன் தலை புடைத்துப் பாவையைத் தூக்கும், தொட்டாலே மொத்தமும் சுழலும். நூலைக் கோத்து இரண்டு பக்கமும் முடிச்சிட்டு, முடிச்சை நசுக்கி ஒரு சொட்டு பசை.

வினாடிக்கு 12 படம், 45 வினாடிக்கு 540. பழகாத குழு மணிக்கு 100 படம் எடுத்தால் பெரிது, ஆக 3 மணி வீதம் இரண்டு நாள் பிடிக்கும். படத்துக்கு 1 செமீ நகர்த்தினால் பாவை சட்டத்தைக் கடக்க 4 வினாடி. பிள்ளைகள் அவசரத்தில் 3, 4 செமீ நகர்த்துவார்கள், பாவை தாவும். தகட்டின் கீழோரம், சட்டத்துக்கு வெளியே, ஸ்கேல் ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு அசைவும் தொடங்குமுன் 6 படம், முடிந்தபின் 6 படம் சும்மா நிற்கட்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு எது முக்கியம் என்று பிடிபடாது.

குழுவில் ஒருவர் பொத்தான். அவர் "கை!" என்று சத்தம் போட்டு, எல்லாக் கையும் வெளியே போனதைப் பார்த்தபின்தான் அழுத்துவார். இன்னொருவர் கணக்குச் சீட்டு: படம் எண், பாட்டின் எந்தச் சொல், யார் அசைந்தது.

படிப்பகம் | இடுகை 7

தேங்காயெண்ணெய்த் தாள் அருமை. கேள்வி: 540 படத்தைச் சேர்ப்பது எதில்? எங்களுக்குப் பெயர் மாற்றும் வேலையே ஒரு நாள் தின்னும் போலிருக்கு.

தொகுப்பாளர்_எண்7 | இடுகை 8

கேடிஇன்லைவ், இலவசக் காணொளித் தொகுப்புச் செயலி. அதில் 'ஸ்லைட்ஷோ' துண்டு என்று சேர்த்து, கோப்புறையைக் காட்டி, படவகை வழியாக எடுக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் எல்லாப் படமும் பெயர் வரிசையில் வரும். தொடர் எண் தேவையில்லை, பெயர் மாற்ற வேண்டாம். காட்சிக்கு ஒரு கோப்புறை, அதில் கைதெரியும் படங்களை முன்பே அழித்திருக்கணும், அவ்வளவுதான்.

ஒரு பொறி இருக்கு. திட்டம் திறக்கும்போது வினாடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்) என்ற அமைப்பு வந்து உட்காரும். ஒரு படத்துக்கு 2 சட்டம் கொடுத்தால் வினாடிக்கு 12.5 படம் ஆகிவிடும். 540 படம் 45 வினாடிக்குப் பதில் 43.2 வினாடியில் முடியும், கடைசி அடிக்குப் படம் இருக்காது. முதலிலேயே 24 என்று மாற்றுங்கள்.

4 ஜிபி லேப்டாப்பில் ப்ராக்சி வசதியை (சிறிய நகலை வைத்துத் தொகுப்பது) போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். தலைப்பு எழுத்துக்கு யூனிகோட் எழுத்துரு மட்டும்: நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காவிவனார், முக்த மலர் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தால் இன்னொரு கணினியில் திறக்கும்போது ஆங்கிலக் குப்பையாக வரும். வேறு செயலி பயன்படுத்துகிறவர்கள் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் அந்தச் செயலி தமிழுக்கு ஆகாது.

கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழ்ப் பெயர் போட்டு ஜிப் செய்தால் பழைய விண்டோஸில் சிதறும்.

புதியவன்22 | இடுகை 9

எதுக்கு இவ்வளவு பாடு? ஏஐல பாட்டைக் கொடுத்தா படமே தந்துடுமே.

பாவைத்திரை | இடுகை 10

தரும். ஆனால் முகாம் படம் கிடைப்பதற்காக இல்லை, பிள்ளைகள் செய்வதற்காக. "மாமன் கொண்டுவந்த சங்கு" என்ற அடிக்கு எந்தச் சங்கு என்று கேட்டால் பிள்ளை பாட்டியிடம் போய் பாலாடையை (குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு) கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வரையும். இயந்திரம் கடற்கரைச் சங்கைப் போட்டுக் கொடுத்துவிடும். அது போக, பாட்டியின் குரலைக் கண்ட சேவையில் ஏற்றும் வேலை வேண்டாம், அதற்கு அவர் சம்மதம் சொல்லவில்லை.

கட்டற்றது | இடுகை 11

சம்மதம் என்று வந்ததால் உரிமையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பல முகாம்கள் பின்னால் மாட்டிக்கொள்கின்றன.

நாட்டார் பாட்டு யாருடையதும் இல்லை என்பது பாதி உண்மை. பாட்டுக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம், பாடியவருக்கு உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு நிகழ்த்துவோர் உரிமையை 50 ஆண்டு தருகிறது. ஆகவே பாட்டியின் சம்மதம் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் இருக்கட்டும், தாளிலும் கைநாட்டோ கையொப்பமோ வாங்குங்கள். சிசி பை-எஸ்ஏ 4.0 (பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில் தரணும் என்ற திறந்த உரிமம்) என்று சொன்னால் யாருக்கும் புரியாது. "உங்க பாட்டை யாரும் கேட்கலாம், நகல் எடுக்கலாம், காசுக்கும் விற்கலாம், ஆனா உங்க பேரைப் போடணும். ஒருதரம் விட்டா திரும்ப வாங்க முடியாது" என்று சொல்லுங்கள். விற்கலாம் என்றதும் முகம் மாறினால் ஏற்ற வேண்டாம். பதிவை நூலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

பல பெரியவர்கள் தாலாட்டு என்று சினிமாப் பாட்டைப் பாடுவார்கள், அவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியாது. பல்லவி, சரணம் என்று ஒழுங்காக மடங்கி வந்தால் சந்தேகப்படுங்கள், இரண்டு அடியை இணையத்தில் தேடிப் பாருங்கள். சினிமாப் பாட்டு என்றால் காமன்ஸில் அழித்துவிடுவார்கள்.

பிள்ளைகளின் படத்துக்கு உரிமை பிள்ளைகளுக்கே. பெற்றோர் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை குழந்தைதான். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, முகம் மூன்றும் இணையத்தில் வேண்டாம், குழுப்பெயர் போதும். நிழற்பாவை எடுத்தது இதற்கும் வசதி.

ஏற்றுகிறவர் வேறு, ஆக்கியவர் வேறு என்றால் காமன்ஸ் அனுமதி மின்னஞ்சல் கேட்கும். அது இல்லாத கோப்புக்கு அழிப்புக் குறி விழும். அங்கே எம்பி4 ஏறாது, படத்தை வெப்எம் ஆக்கணும். வீடியோ2காமன்ஸ் கருவி தானே மாற்றிக்கொடுக்கும். ஒலிக்கு வேவ் அல்லது ஃப்ளாக்.

மட்டுநகரான் | இடுகை 12

இலங்கையில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: நூலகம் நிறுவனம் 2005ல தொடங்கினது, புத்தகம் மட்டுமில்லை, ஒலி, ஒளிப் பதிவுகளுக்கு 'ஆவணகம்' எண்டு தனித் தளம் வைச்சிருக்கினம். காமன்ஸுக்கு ஒத்துவராததை அவையிட்டக் கேட்டுப் பாக்கலாம்.

இங்க வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாட்டுப் பதியிற பிள்ளையளுக்கு ஒண்டு: மத்தளத்துக்குப் பக்கத்தில போனை வைக்காதையுங்கோ, பாட்டு அமுங்கிப் போகும். அண்ணாவியாரிட்ட (கூத்துப் பழக்கிறவர்) இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கோ, மத்தளம் 3 மீற்றர் தள்ளி இருக்கட்டும். தாளக்கட்டை வாயால சொல்லச் சொல்லி வேற கோப்பாப் பதியுங்கோ. பிறகு பாவையை ஆட்டேக்க அந்தச் சொற்கட்டுத்தான் கணக்கு.

படிப்பகம் | இடுகை 13

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி வைக்கிறேன். முதல் இரண்டு நாள் ஒலிப் பழக்கமும் பதிவும். 3ஆம் நாள் எழுத்தாக்கமும், எந்தப் பாட்டு என்ற முடிவும். 4, 5 பாவை. 6 முதல் 8 வரை படப்பிடிப்பு. 9 தொகுப்பு. 10 திரையிடல். சரியா?

தொகுப்பாளர்_எண்7 | இடுகை 14

9ஆம் நாள் நடக்காது. ஒரு லேப்டாப், மூன்று குழு, மூன்று மணி நேரம். பதினொரு பிள்ளை சும்மா நிற்கும், மூன்று பிள்ளை மவுஸுக்குச் சண்டை போடும். படப்பிடிப்பை அடுத்தடுத்துத் தொடங்குங்கள்: ஒரு குழு 5லேயே, அடுத்தது 6ல், கடைசி 7ல். அவரவர் இரண்டு நாளில் எடுத்து முடித்ததும் தொகுப்புக்கு வரட்டும். மேசையும் அப்போது இரண்டு போதும், மூன்று தேவையில்லை. தினமும் கிளம்புமுன் போனிலிருந்து லேப்டாப்புக்கும் வெளிவட்டுக்கும் நகல். இரண்டிலும் திறந்து பார்த்தபின்தான் போனில் அழிக்கலாம். பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள்.

ஒலிப்பெட்டி | இடுகை 15

10ஆம் நாளுக்கு ஒண்ணு. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா ஒலி கண்ணுக்குத் தெரியுற அளவு பின்தங்கும். தொட்டில் ஒரு பக்கம் ஆடும், 'ஆராரோ' இன்னொரு பக்கம் வரும்; பிள்ளைங்க தங்களோட கணக்குச் சீட்டுதான் தப்புன்னு நினைச்சுக்கும். லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் ஒயர் ஒண்ணு, ரெண்டு முனையிலும் 3.5 மிமீ பின். வாங்கற பட்டியல்ல சேர்த்துக்கோங்க.